படிவத்தில் இல்லாத அறை

வலிகாமம் தெற்கு, கட்டட விண்ணப்பம்,
கோப்பு இலக்கம் நூற்றுப் பதினேழு.
ஏழாலை மேற்கில் ஆறு பரப்புக் காணி.
வரைபடத்தில் இரண்டு படுக்கையறை, குசினி, சாமியறை,
மேல்மாடிக்கு ஒரு படி.
இவ்வளவுக்கும் கீழே, பென்சிலால் கீறி
மை போடாமல் விட்ட ஒரு சதுரம்.
எட்டடிக்கு எட்டடி.
கதவு மட்டும் எட்டங்குலத் தடிப்பு.

படிவத்தில் அதற்குக் கூடு இல்லை.
மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறது படிவம்,
மதிலின் உயரம் கேட்கிறது.
நிலத்துக்குக் கீழே ஆரும் இருப்பீர்களா என்று
அது இதுவரை கேட்டதில்லை.

அளவுநாடாவோடு போனேன்.
அருமைநாயகம், வயது அறுபத்து மூன்று,
பனிக்குப் போடும் சப்பாத்தோடு செம்மண்ணில் நின்றார்.
"சுவிசில அது சட்டம், பிள்ளை.
ஒவ்வொரு சனத்துக்கும் நிலத்துக்குக் கீழ ஓரிடம்.
அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும்.
இப்ப அதுக்குள்ள வைன் போத்தல் அடுக்கி வைச்சிருக்கினம்."

தொண்ணூறில், கோட்டைச் சண்டைக்குள்ளால் வெளிக்கிட்டுப் போனவர்.
அகதி என்று கையைத் தூக்கியதும்
அரசாங்கம் கூட்டிப்போனதாம் மலைக்குள் குடைந்த பங்கருக்கு.
மூன்று தட்டுக் கட்டில்கள்.
காற்று இழுக்கிற யந்திரத்துக்கு ஒரு கைபிடி,
கறண்ட் நின்றால் ஆள்மாறி ஆள் சுற்ற.
எவரும் ஏவாத ஏவுகணைக்காக
வருஷா வருஷம் எண்ணெய் விட்ட கதவுப் பிணைச்சல்கள்.

"பங்கரால ஓடினன்,
பங்கருக்குள்ள படுக்க விட்டாங்கள்."
சிரிக்கத்தான் சொன்னார், சிரித்தேன்.
"முதல் கிழமை நித்திரை வரேல்லை.
அவ்வளவு பேருக்குள்ள
ஒரு குழந்தைகூட அழேல்லை."

காணியின் தென்மூலையில் ஒரு பள்ளம்.
அவரும் தமையன்மாரும் வெட்டினது, 'ட' வடிவில்.
மேலே பனங்குற்றி, யூரியாப் பைகளில் மண்.
இங்கே அரசாங்கம் ஒரு குழியும் வெட்டித் தரவில்லை;
மேலே பறந்ததுதான் அரசாங்கம்.
இப்போது அதற்குள் பிளாஸ்டிக் போத்தல், பார்த்தீனியம்,
யாரோ எறிந்த ஒரு ஹெல்மெட்.

"குழி வெட்டத் தெரியுமோ உங்களுக்கு?"
அளக்கத் தெரியும் என்றேன்.
மாத்தளன் மணல் வெட்ட வெட்டச் சரியும்,
அம்மாவின் கூறைச்சேலையைப் பையாய்த் தைத்து
பன்னிரண்டு வயதில் நான் அதை அடைத்தேன்.
அவர் அதைக் கேட்கவில்லை.

அலவாங்கு போட்டோம்.
மூன்றடியில் ணங் என்றது, சுண்ணாம்புக்கல்.
எட்டடி இறங்க வெடி வைக்கவேணும்.
வெடிமருந்துக்குக் கச்சேரியில் விண்ணப்பம்,
கச்சேரியிலிருந்து அது பாதுகாப்பு அமைச்சுக்குப் போகும்.
காரணம் என்ற இடத்தில் என்ன எழுத?
குண்டுக்கு ஒளிக்க என்றா?

நெடுநேரம் கல்லையே பார்த்தார்.
"அப்ப எங்கட பங்கர் எப்பிடி அவ்வளவு ஆழமா இருந்தது?"

அது ஆழமில்லை, ஐயா.
நீங்கள் குனிந்திருந்தீர்கள்.
நினைத்தேன், சொல்லவில்லை.

மேலே படுத்தால் கூரையைப் பார்த்தபடியே விடிகிறதாம்.
கடைசியில் படிக்குக் கீழே ஓர் அறை கேட்டார், ஜன்னல் வேண்டாமாம்.
ஜன்னல் இல்லாத படுக்கையறைக்கு அனுமதி இல்லை.
'களஞ்சியம்' என்று எழுதினேன்.
சுவர் ஒன்பதங்குலம். மேலே கொங்கிறீற்.
கட்டிலின் நீளம் ஆறடி மூன்றங்குலம் என்று அவர் சொன்னதை
கோப்பில் எங்கும் பதியவில்லை.

கந்தோருக்கு வந்து பென்சில் சதுரத்தை அழித்தேன்.
அழுத்திக் கீறியிருக்கிறார்.
தாளைச் சரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
இன்னும் தெரிகிறது
எட்டடிக்கு எட்டடி பள்ளம்.